ஐந்துக்கு ஐந்து

அஸ்தினாபுரத்தில் கவுன்சிலர் அலுவலக வாசலில், மக்கள் பிரதிநிதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஜோசலின் கேள்வித்தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். எதிரே சாஜிதா, வீட்டுக் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வந்திருக்கிறாள். வெயிலில் அது டீ நிறத்தில் தெரிகிறது. மனு கொடுக்க வருவது இது நான்காம் முறை. "கவுன்சிலர் மேல உங்களுக்கு எவ்ளோ நம்பிக்கை இருக்குக்கா? அஞ்சுக்கு எத்தனை மார்க்?" சாஜிதா ஒற்றை விரலை உயர்த்துகிறாள். அதற்குள் கவுன்சிலரின் ஆள் ஒருவன் பக்கத்தில் வந்து நிற்கிறான். "இன்னா மேடம், பரீட்சையா? எங்க அண்ணனை ஃபெயில் ஆக்கிடாதீங்க." சாஜிதாவின் விரல் மடங்குகிறது, பாட்டில் முந்தானைக்குள் போகிறது. "அஞ்சுக்கு அஞ்சு போடும்மா," என்கிறாள், உள்ளே கேட்கும்படி. சொன்னதைத்தான் குறிக்க வேண்டும். ஜோசலினின் பேனா ஐந்தைச் சுற்றி வட்டமிடுகிறது. முந்தானைக்குள்ளிருந்து சாக்கடை வாடை வருகிறது.