தலைய ஆட்டாதீங்க

என் சலூனுக்கு எதிரே புளியமரத்தில் மோதிய காரிலிருந்து, ஓட்டிவந்தவரை வெளியே இழுக்கக் கூட்டம் முண்டியடித்தது. "தொடாதீங்கய்யா, கழுத்து போயிரும்!" என்று கத்திக்கொண்டே ஓடி, பின் சீட்டில் ஏறினேன். ஆட்களின் தலைக்குப் பின்னால்தானே என் இடம். இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். "தலைய ஆட்டாதீங்க சார்." நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தைதான். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. கை மரத்துப்போனது. ஆனால் அந்தத் தலையை மயிரிழைகூட அசைய விடவில்லை.

ஆறு மாதம் கழித்து அவர் என் கடைக்கு வந்தார். துணியைப் போர்த்தியதும் தலையை இடப்பக்கம் திருப்பினார், பிறகு வலப்பக்கம், மறுபடியும் இடப்பக்கம். காத்திருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். எவ்வளவு வேண்டுமானாலும் ஆட்டட்டும் என்று நான் கத்தரியோடு நின்றிருந்தேன்.