புகையைச் சூடியவள்

"'கதையைத் தாங்குவது எழுத்து; படங்களோ வாய் பேசாத பொம்மைகள்' எண்டு எழுதியிருக்கினம், பாமா."

இரகுநாதன் ஞாயிறு இதழை மடித்து வைத்தார். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அவர். மனைவி சத்தியபாமா படம் வரைந்த முதல் படக்கதைப் புத்தகத்துக்கு வந்த முதல் விமர்சனம் அது.

"வேற ஒண்டும் இல்லையோ?"

"எழுத்தாளரைத் தலையில தூக்கி வைச்சு ஆடுகினம். உன்ர பேரைப் பிழையாப் போட்டிருக்கினம். நல்லதாப் போச்சு எண்டு நினை!"

அவள் சிரிக்கவில்லை. கதைச் சுருக்கம் ஒரு தாளில் வந்தது, வரைந்து அனுப்பினாள். எழுத்தாளர் கொழும்பிலிருந்தே வசனம் எழுதிச் சேர்த்தார். தமிழ், சிங்களம் இரண்டு பதிப்புகளும் கடைகளுக்குப் போய்விட்டன என்று பதிப்பகத்தார் எழுதியிருந்தார்கள். அவளுடைய பிரதிதான் இன்னும் வரவில்லை. அடுத்த கதைக்கும் வரைவீர்களா என்று கேட்டிருந்தார்கள்.

மறுநாள் பகல் பதிலை எழுதி ஒட்டினாள். இனி வரையமாட்டேன்.

தோட்டத்துக் கடிதப் பையைச் சுமக்கும் தப்பால்காரன் ரெங்கசாமி மலைப்பாதையில் ஏறுமுன் கொடுத்துவிட வேண்டும். வெளியே மூடுபனி. தேயிலைச் செடிகள் கரைந்துபோய், பாதை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் நடப்பவளைப் போல நடந்தாள்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தருகே ஒரு குரல் அவளை நிறுத்தியது.

"அம்மாவ ஏத்திக்கிட்டுக் கோச்சி போயிருச்சு. பொகை மட்டும் மலையச் சுத்திக்கிட்டே நின்னுச்சு. அந்தப் புள்ள எட்டிப் புடிச்சு, பூவாட்டம் தலையில சூடிக்கிட்டா..."

கொழுந்தெடுக்கும் இருதயம்மாவின் குரல். அது சத்தியபாமா படம் வரைந்த கதை! ரயில் புகைக்குள் கை நீட்டும் சிறுமி, பதினேழாம் பக்கம்.

சுவரோரம் ஒதுங்கி எட்டிப் பார்த்தாள். பெண்களுக்கு நடுவே இருதயம்மா மடியில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்து ஸ்டேஷனில் அம்மாவை விட்டு வந்த நாளை நினைத்துத்தான் அந்தக் கையை வரைந்திருந்தாள். யாருக்கும் சொன்னதில்லை. எழுத்தாளர் அதையும் அறிந்து, தோட்டத்துப் பேச்சிலேயே எழுதிவிட்டாரே!

"கதையில வர்ற கங்காணி மீசதான் கொஞ்சம் ஓவரு," என்றாள் ஒருத்தி.

"அடி போடி, நம்ம கங்காணிக்கு அதவிடப் பெருசு!"

சிரிப்பு. பிறகு யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"என்னா வார்த்தக்கா! எழுதுன மகராசன் கைக்குத் தங்கக் காப்புப் போடணும்."

எழுதியவன் கைக்கு. விமர்சகர் சொன்னதும் இதுதானே? சத்தியபாமா தன் விரல் நுனியிலிருந்த மைக் கறையைப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய விரல்போல இருந்தது.

"கடுதாசி இருக்குங்களாம்மா?" பனிக்குள்ளிருந்து ரெங்கசாமி வந்தான்.

கொடுத்தாள். பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிப் போனான்.

கணக்கப்பிள்ளையின் விசில் கேட்டதும் பெண்கள் கூடைகளோடு தராசுப் பக்கம் ஓடினார்கள். இருதயம்மா கடைசியாக எழுந்தாள்.

"அம்மா... நீங்களா! இவ்வளவு நேரம் நின்னீங்களா?"

"அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாறியோ? எழுத்தை மட்டும் பார்த்திட்டுத் தாறன்."

இருதயம்மா தயங்கினாள். முந்தானையில் துடைத்து நீட்டினாள். சத்தியபாமா பதினேழாம் பக்கத்தைத் திருப்பினாள். புகை, சிறுமி, நீட்டிய கை. கீழே வட்டம் வட்டமாய்ச் சிங்கள எழுத்து. அடுத்த பக்கமும் அப்படித்தான். எல்லாப் பக்கமும்.

"இருதயம்மா, உனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமோ?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"லுணுகலை நிஸாம் கடையில படம் நல்லாருந்துச்சுன்னு வாங்கினேம்மா. அது சிங்களங்களா? எனக்குத் தமிழே ஒரு எழுத்துத் தெரியாதுங்க. அவளுக கிட்டச் சொல்லிறாதீங்க... படம் பேசுனதத்தான் நான் சொன்னேன்."

"ரெங்கசாமி! நில்லு! அந்தக் கடிதத்தைத் திருப்பித் தா!" செருப்பை உதறிவிட்டு மூடுபனிக்குள் ஓடினாள் சத்தியபாமா.