குடை சொன்ன மழை

கோடை வந்தால் மொட்டைமாடியில் காயும் வடகத்துக்குக் காவலாக, செங்கல்லோடு கட்டிக் கறுப்புக் குடையை விரித்து வைப்பார்கள். காக்காய்க்குப் பூச்சாண்டி காட்டும் அந்த வேலை குடைக்குப் பிடிக்கவே இல்லை. மழை பெய்தால்தானே தெருவைச் சுற்றலாம். அதனால் தினமும், "மேற்கே கருக்குது, சாயங்காலம் இடியோட கொட்டும்" என்று சொல்லும். சொட்டு விழாது.

"நீ சொல்லி ஒரு தூறலாவது வந்திருக்கா, குடையண்ணே?" என்று தென்னையில் கூடு கட்டியிருந்த காக்காய் எட்ட நின்றே கிண்டல் பண்ணும்.

ஒருநாள் பறக்கப் பழகிய அதன் குஞ்சு மாடியில் விழுந்து, இறக்கையைத் தூக்க முடியாமல் தத்தியது. மேற்கே நிஜமாகவே கருத்திருந்தது.

"அண்ணே, மழை வருமா?" குஞ்சுக்கு மேலே வட்டமிட்டபடி காக்காய் கேட்டது.

குடை குஞ்சைப் பார்த்தது. "சேச்சே, அது வெறும் புழுதி. இன்னிக்கு வராது."

சொல்லி வாய் மூடவில்லை, இடி இடித்தது. வீட்டுக்காரம்மா ஓடி வந்து வடகத்தை வாரிக்கொண்டு போனாள்; குடையை மறந்துவிட்டாள். கொட்டிய மழையில் குஞ்சு தத்தித் தத்திக் குடைக்கடியில் புகுந்தது. பின்னாலேயே காக்காயும் பயத்தை விட்டு நுழைந்தது. குடை ஒரு கம்பியைக்கூட மடங்க விடாமல் நின்றது.

மறுநாள் காலை காக்காய் கேட்டது: "இன்னிக்கு எப்படிண்ணே?"

குடை முதலில் குஞ்சின் இறக்கையைப் பார்த்தது. அப்புறம்தான் வானத்தைப் பார்த்தது.