ஒற்றைக் கைதட்டல்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் தபோதரன் போன முதல் ஜாஸ் கச்சேரி அது. வாசிப்பு நடுவில் சட்டென்று நின்றபோது, எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டிவிட்டார். மண்டபத்தில் வேறு யாரும் தட்டவில்லை. மறுபடி தட்டுவதற்குள் மனைவி மகாதேவி அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"பொறுங்கோ, இன்னும் முடியேல்லை."

சாக்சபோன் மீண்டும் எழுந்தது.

அந்தக் கச்சேரி பிறகு இசைத்தட்டாக வந்தது. நடுவிலுள்ள மௌனத்தில் அவருடைய ஒற்றைக் கைதட்டலும் பதிவாகியிருந்தது. அலமாரி நிறைய இசைத்தட்டுகள் சேர்ந்த பின்னும், ஞாயிற்றுக்கிழமைகளில் மகாதேவி அதைத்தான் கேட்பாள்.

"உங்கட கச்சேரியைப் போடுங்கோ" என்பாள். அந்த இடம் வந்ததும் வயிறு குலுங்கச் சிரிப்பாள்.

அவளுடைய முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்த பிறகுதான் தபோதரனுக்கு அதை மறுபடி எடுக்க மனம் வந்தது. தூசி துடைத்துப் போட்டுவிட்டுத் தேத்தண்ணியோடு உட்கார்ந்தார். பியானோ வந்தது, சாக்சபோன் வந்தது, வாசிப்பு நின்றது. கைதட்டல் கேட்டது. அவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

இன்னொன்று கேட்டது. பிறகு இன்னொன்று. ஒரே ஆள் அவசரமில்லாமல் ஆறுதலாகத் தட்டிக்கொண்டேயிருந்தான். சாக்சபோன் வரவில்லை.

"என்னப்பா, இவ்வளவு நேரமாய்க் கைதட்டுறீங்கள்?" குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மகள் சஜிதா கேட்டாள்.

அவருடைய இரண்டு கைகளும் கோப்பையைச் சுற்றியிருந்தன.

"நிப்பாட்டுறன், பிள்ளை."

கோப்பையைக் கீழே வைத்தார். தன் வலது கையை இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

சாக்சபோன் எழுந்தது.