பென் டிரைவில் வந்த பாடம்

"ஃபேனை நிறுத்துங்க!" என்று கத்தினார் ஹெட்மாஸ்டர்.

மூன்றாம் வகுப்பில் ஃபேனும் புரொஜெக்டரும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். போன தடவை அப்படித்தான் போயிற்று. அதற்கு முந்தின தடவை மின்சாரமே இல்லை.

ஃபேன் நின்றது. வெளிச்சம் வராமல் ஜன்னல்களில் சாக்கு கட்டியிருந்ததால் அறை அடுப்பாகக் கொதித்தது. பிள்ளைகளுக்கு அது உறைக்கவே இல்லை. ஈரம் ஊறிய சுவரை மறைத்து, தன் வீட்டுப் படுக்கை விரிப்பையே ஆணியடித்து மாட்டியிருந்தார் ஹெட்மாஸ்டர். எல்லாக் கண்களும் அதன்மேல்.

பள்ளிக்கூடத்தில் நெட் எட்டாது. பயிற்சி மையத்திலிருந்து பாடம் பென் டிரைவில்தான் வந்தது. அது வந்ததிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புரொஜெக்டரை இரவல் வாங்கினார். ஒயரை மாற்றினார். சாப்பாட்டு வேளையிலும் ஸ்பீக்கரும் கையுமாக அலைந்தார்.

'டிவிப் பெட்டியா பாடம் நடத்தப்போகுது?' என்று போன வருஷம் நக்கலடித்த ஆள்தானா இவர் என்று மற்ற ஆசிரியர்கள் வாயைப் பிளந்தார்கள்.

விரிப்பில் வெளிச்சம் விழுந்தது. நீலம். உடனே இருட்டு. ஹெட்மாஸ்டருக்கு உயிர் போய்த் திரும்பியது.

சட்டென்று ஒரு முகம்.

"ஐ! நம்ம டீச்சர்!"

கூரை அதிர்ந்தது. போன வருஷம் வரை அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பாடங்களைப் படம்பிடிக்கும் வேலைக்காகப் பயிற்சி மையத்துக்குப் போய்விட்டவர், இப்போது விரிப்பு நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லாமலே பிள்ளைகள் எழுந்து நின்று, ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள்.

திரையில் டீச்சர் அவசரப்படவில்லை. அந்த ராகம் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

"வணக்கம். உக்காருங்க."

தடதடவென்று உட்கார்ந்தார்கள். டீச்சர் சாக்பீஸை எடுத்தார். போர்டு பக்கம் திரும்பப் போனவர் நின்றார்.

"பின்னாடி சுவத்துல சாஞ்சுட்டு நிக்கிறவரும்தான். கால் வலிக்கும், உக்காருங்க."

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தப் பாடம் போன எல்லாப் பள்ளிகளிலும் அப்படித்தான் திரும்பியிருக்கும். அங்கெல்லாம் பின்னால் யாரைக் கண்டார்களோ.

இங்கே, சுவரிலிருந்து முதுகை எடுத்த ஹெட்மாஸ்டர், கடைசி பெஞ்சில் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிச் செருகி உட்கார்ந்தார். முகமெல்லாம் பல்.

கோபித்துக்கொண்டு பெட்டியோடு பஸ் ஏறிய நாளுக்குப் பிறகு, மனைவி அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.