புரட்டாசியில் முகூர்த்தப் பட்டு

"ஏட்டி மங்களேஸ்வரி! அங்கன என்ன வேடிக்கை? பட்டுக்கு ஆள் வந்திருக்கு, போ!"

சூப்பர்வைசர் சங்கரநாராயணன் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், நைட்டி பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மங்களேஸ்வரி எட்டிப் பார்த்தாள். பட்டு செக்‌ஷன் மெத்தையில் அதே அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இந்த வாரத்தில் இது நாலாவது தடவை.

"போச்சு, ஒனக்குச் சாரல் வந்தாச்சு," என்று காதைக் கடித்தாள் பக்கத்தில் நின்ற நாச்சியார்.

தென்காசியில் அந்த ஜவுளிக்கடைப் பெண்களுக்குள் ஒரு பாஷை உண்டு. வந்ததும் மளமளவென்று எடுத்துக்கொண்டு போகிறவர் அருவி. புரட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போகிறவர் சாரல். இந்த அம்மா வந்தால் முழுசாக ஒரு மணி நேரம் சாரல்.

"புரட்டாசில எவ முகூர்த்தப் பட்டு எடுப்பா? வேணும்னே அண்ணாச்சி ஒன் தலையில கட்டுதாரு. அருவி எல்லாம் மத்தவியளுக்கு, சாரல் ஒனக்கு."

மங்களேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம். ஒரு மாசத்துக்குள் விற்கத் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுவார்கள். குற்றாலத்தில் சீசன் முடிந்து லாட்ஜெல்லாம் காலி. அங்கே வேலை பார்த்த வீட்டுக்காரர் இப்போது இலஞ்சியில் வீட்டோடு சும்மா இருக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

அது மட்டும் இல்லை. யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்றும் இருந்தது. அவளுக்கு மூன்று மாசம். போன தடவை தங்காமல் போய்விட்டது. "ரொம்ப நேரம் நிக்கக் கூடாதும்மா" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

நல்லாச் சொன்னார் போங்கள்! இந்தக் கடையில் காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரிதான் உட்கார முடியும். தூணில் லேசாகச் சாய்ந்தாலே போதும், முதலாளி வீட்டிலிருந்தபடி கேமராவில் பார்த்துவிட்டு போன் போடுவார். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அதனால் அவள் வாயே திறக்கவில்லை.

போய் அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா. இன்னைக்காவது எடுப்பியளா?"

"பாப்போம். அந்த மாம்பழக் கலரைக் காட்டு."

காட்டினாள்.

"பார்டர் சின்னதா இருக்கே. அந்த அரக்கு?"

அதையும் விரித்தாள். அப்புறம் மயில் கழுத்து. அப்புறம் பாசிப் பச்சை. மெத்தை முழுக்கச் சேலை. அந்த அம்மாவோ ஒவ்வொன்றையும் தடவித் தடவிப் பார்க்கிறார். பிடிச்சிருக்கு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

எதிர்ப்பக்கம் சுடிதார் எடுக்க ஒரு குடும்பமே வந்து இறங்கியது. நல்ல அருவி. அண்ணாச்சி அவர்களை நாச்சியார் பக்கம் கைகாட்டி அனுப்பினார். மங்களேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறு எரியாமல் என்ன செய்யும், சொல்லுங்கள்?

படபடவென்று சேலைகளை மடிக்கத் தொடங்கினாள்.

"மெதுவா மடிம்மா. என்ன அவசரம்?"

அவ்வளவுதான், பொறுமை அறுந்துவிட்டது.

"ஒங்களுக்கு அவசரம் இல்ல, எனக்கு இருக்கு! நெதம் வந்து பாக்கிய, ஒரு கர்ச்சீப்புகூட எடுக்க மாட்டேங்கிய. ஒங்களால என் பொழப்பே போகப்போவுது. ஒங்களுக்கு நான் என்ன பாவம் செஞ்சேன்?"

சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அந்த அம்மா கோபப்படவில்லை. அரக்குச் சேலையின் முந்தியை இழுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"கண்ணத் தொடை. மேல கேமரா இருக்கு. ஜரிகையப் பாக்குத மாதிரி குனி."

மங்களேஸ்வரி ஒன்றும் புரியாமல் குனிந்தாள்.

"நான் சங்கரநாராயணன் வீட்டுக்காரி."

"யாரு... அண்ணாச்சி வீட்டு..."

"சத்தம் போடாத. இந்தக் கடையிலேயே சேல்ஸ் பொண்ணு உக்காந்து காட்டுத எடம் இது ஒண்ணுதான். அதும் மெத்தையில ஆள் இருந்தாத்தான். புரட்டாசில பட்டுக்கு எவ வருவா? அதான் அவிய என்னைய வரச் சொல்லுதாவ."

"எனக்காவா?"

"நீ வாந்தி எடுத்துட்டு மொகத்தக் கழுவிட்டு வந்தியே, அன்னைக்கே அவியளுக்குத் தெரிஞ்சுபோச்சு. வெளிய சொன்னா மொதலாளி ஒன்ன அனுப்பிருவாரு. ஒங்கிட்டக் கேட்டா நீ பயந்து நீயே வேலைய விட்டு நின்னுருவ. அவிய ஏசுததெல்லாம் கேமராவுக்கு. ஒன் வேலை எங்கயும் போவாது, அதுக்கு அவிய ஜவாப்பு."

மங்களேஸ்வரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். தூரத்தில் அண்ணாச்சி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மன்னிச்சிருங்கம்மா. நான் என்னென்னமோ பேசிட்டேன்."

"அத விடு. காலை நல்லா நீட்டிக்கோ, மேல சேலையப் போட்டு மூடிக்கிடலாம்."

அவர் பாசிப் பச்சைச் சேலையை எடுத்து அவள் கால்மேல் விரித்தார். பார்டரை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"நானும் அவியளும் பழைய மொதலாளி காலத்துல இந்தக் கடையில வேலைக்கு நின்னுதான் கல்யாணம் கட்டிக்கிட்டோம். ரெண்டு தடவ உண்டாயி, ரெண்டு தடவையும் நின்னுகிட்டேதான் இருந்தேன். எங்களுக்குப் பிள்ளை கெடையாது, தாயி."