சோபாவுக்கு அடியில்

அமிர்தவல்லி வீட்டுக்குத் தானாகத் தரை பெருக்கும் ரோபோ ஒன்று வந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற துடைப்பத்திடம், "இனிமே நீங்க ஓய்வெடுக்கலாம் அக்கா" என்றது.

முதல் நாளே அதன் சக்கரத்தில் தலைமுடி சுற்றிக்கொண்டது. மறுநாள் சார்ஜர் வயரில் சிக்கி, நகர முடியாமல் கத்தியது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் கணவன். ரோபோ நடுங்கிப்போனது. ஆசைப்பட்டு வாங்கிய அமிர்தவல்லிக்கோ மனசு வரவில்லை. அன்றிலிருந்து துடைப்பத்தால் வீட்டைச் சுத்தமாகப் பெருக்கி, வயர்களைச் சுருட்டி வைத்த பிறகுதான் ரோபோவை ஓடவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். ஓடுகிற ரோபோவைப் பார்த்து, "ஒரு தூசிகூட இல்லையே" என்று வியந்தார்கள். ரோபோ மெல்லக் கதவோரம் ஒதுங்கியது.

"அக்கா, சோபாவுக்கு அடியில பெருக்கியாச்சா?"

"இல்லையே, ஏன்?"

"அப்ப நான் அந்தப் பக்கம் போகல."